வெர்னன் டாப்லியின் ஒரே இசைத்தட்டு

1

இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. யாரும் கண்டுகொள்ளாமல் போன ஓர் இசைத்தட்டைப் பாராட்டிக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். வெர்னன் டாப்லி, லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஆயுசு முழுக்க அடுத்தவர் பாட்டுக்குக் கித்தார் வாசித்தவர். தன் பெயரில் போட்டது இந்த ஒன்றைத்தான். விற்கவில்லை.

'மூன்றாவது மெட்டில் தன் ஆன்மாவையே...' (அடித்துவிட்டேன். ஆன்மா என்று எழுதினாலே எனக்குக் கூசும்.)

மற்ற மெட்டுகளில், கொஞ்சம் வாசித்ததும் கித்தார் ஒதுங்கிக்கொள்கிறது, யாரோ பாட வருவதுபோல. பழக்கதோஷம். அந்த அடக்கத்தில் நான் சொக்கிப்போனேன். ஆனால் மூன்றாவதில் அது யாருக்கும் வழிவிடுவதில்லை.

இதோடு கட்டுரை முடிந்திருக்க வேண்டும்.

2

மூன்றாவதை வாசித்தது வெர்னன் இல்லை.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம். ஒரே நாளில் இரண்டு இடத்தில் வேலை வந்தால், ஒன்றுக்கு மாற்றாளை அனுப்பலாம். போகிறவர் அனுப்பியவராகவே வாசித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு வர வேண்டும். மூன்றாவதைப் பதிவுசெய்ய வேண்டிய அன்று வெர்னனுக்கு ஒரு பிஸ்கட் விளம்பரத்துக்கு வாசிக்கும் வேலை வந்தது. வந்த வேலையை வேண்டாமென்று சொல்லியே அறியாத மனுஷன், தன் சொந்த இசைத்தட்டுக்கு மாற்றாளை அனுப்பிவிட்டார்! போனவர் நண்பர் ஆல்ஃபி.*

* ஆல்ஃபி பெயரில் இசைத்தட்டு எதுவும் கிடையாது.

(இங்கே வெர்னன்மேல் எனக்குக் கோபம் வந்தது. எழுந்து போய் டீ போட்டேன்.)

3

நாளை வானொலியில் அதே மூன்றாவதைப் போட்டுவிட்டு, வெர்னனோடு நேரலையில் பேசப்போகிறார்கள். எழுபத்தொன்பது வயதில் முதல் பாராட்டு.

"யார் வாசிச்சதுன்னு சொல்லிடப் போறேன்," என்றார் வெர்னன்.

"தாராளமா சொல்லுங்க." அவர் மனைவி பெரில் பட்டாணி உரிப்பதை நிறுத்தவில்லை. "அப்புறம் உங்ககிட்ட என்னத்தைக் கேப்பாங்க? பிஸ்கட்டைப் பத்தியா?"

வெர்னனுக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பாராட்டு வேண்டும்போலவும் இருந்தது. ஆல்ஃபிக்குப் போன் போட்டார்.

"வாயைத் தொறந்தே, தொலைச்சுடுவேன்," என்றார் ஆல்ஃபி. "அன்னைக்கு நான் போகலை, நீதான் போனே. அவ்ளோதான்."

"அது உன் வாசிப்புடா."

"போடா, பெரிய நியாயஸ்தன்."

போனை வைத்துவிடுவார் என்று வெர்னன் நினைத்தார். ஆல்ஃபி வைக்கவில்லை.

"ஏண்டா... நாளைக்கு அது எத்தனை மணிக்கு வருது?"

4

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வெர்னன் உண்மையைச் சொல்கிறார். அதன் பிறகு ஆல்ஃபி அவர் போனை எடுப்பதே இல்லை. இன்னொன்றில் பாராட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். பெரில் சாப்பாடு போடுகிறாள், முகத்தைப் பார்க்க...

கிழித்துவிட்டேன். யாருக்கும் வழிவிடாத மெட்டு என்று அந்த இரண்டு பேருக்கும் இருப்பது இது ஒன்றுதான். அதைப் பங்கு போட எனக்கு மனசு வரவில்லை.

வானொலியில் மெட்டு இப்போதுதான் முடிந்தது. "இதை வாசிக்கும்போது உங்க மனசுல என்ன ஓடுச்சு, மிஸ்டர் டாப்லி?" என்று வானொலிக்காரப் பெண் கேட்டுவிட்டாள். வெர்னன் ஒலிவாங்கியைப் பார்க்கிறார். என்னைப் பார்க்கிறார். அவருக்குத் தர என்னிடம் வாக்கியம் இல்லை.

படிக்கிற நீங்களே சொல்லுங்கள். ஆல்ஃபிக்கும் கேட்கிற மாதிரி.