பெயர் சொல்லாமல் கூப்பிட்டது

யுவராணி அந்தப் பூனையைப் பெயர் சொல்லியே கூப்பிட்டிருக்க வேண்டும். பூனையின் பெயர் சூப்பர்வைசர். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்த்த அவளுடைய அண்ணன் சங்கையா வைத்த பெயர். “ஒரு வேலையும் பாக்காது, உக்காந்து மொறச்சுக்கிட்டே இருக்கும்” என்பார். அந்த அண்ணன் இறந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. சாவு வீட்டு வாசலில் நின்றுகொண்டு, தெருவே பார்த்திருக்க, “சூப்பர்வைசர்” என்று கத்த அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

ஒன்பது நாளும் பூனை பட்டினி. தனிக்கட்டையான அண்ணனின் கையிலிருந்து மட்டுமே தின்று பழகிய உயிர் அது. பரண்மேல் ஏறிப் படுத்தது இறங்கவே இல்லை. இன்றைக்குள் இரண்டு வாய் உள்ளே போகாவிட்டால் தேறாது என்று கால்நடை டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலையும் பாத்திரங்களையும் யார் யாருக்கோ கொடுத்தாயிற்று. அண்ணன் விட்டுப்போனதில் உயிருள்ளது இது ஒன்றுதான். தாங்கள் குடியிருக்கும் ஓசூருக்குக் கொண்டுபோய் எப்படியாவது பிழைக்க வைத்துவிட வேண்டும் என்றிருந்தாள்.

காலையில் ஒருமுறை கூடையில் அடைத்துக் காரில் ஏற்றிப் பார்த்தார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் அது கூடைக்குள்ளேயே மூத்திரம் பெய்து, மூடியைப் பிய்த்து, அவள் கணவன் முத்துராமலிங்கத்தின் தோளைக் கீறி, ஜன்னல் வழியே குதித்து வீட்டுக்கே ஓடிவிட்டது.

“எட்டு மணி நேரம் இதுகூடயா? எனக்கு உசுரு மேல ஆச இருக்குட்டி” என்றான் அவன்.

அதற்குப் பிறகுதான் அவள் வாசலில் நின்று, திறந்திருந்த கதவைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“வா. நம்ம வீட்டுக்குப் போவோம். வந்து வண்டியில ஏறு, வா.”

அண்ணனுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த தங்கப்பாண்டியன் பூட்டும் சாவியுமாய்ப் பக்கத்தில் நின்றார். அவர் முகம் மாறியது.

“யம்மா, என்ன சொன்ன நீ? சாவு வீட்ல இருந்து கெளம்புறவுக வாரேன்னுகூடச் சொல்லிக்கிட மாட்டாக. நீ பேரச் சொல்லாம வெறுமன வா வாங்கியே!”

“பூனையத்தான் கூப்பிட்டேன் அண்ணாச்சி.”

“அது உனக்குத் தெரியும். உள்ள இருக்கவுகளுக்கு?”

பூனை வெளியே வந்தது. ஓடி வரவில்லை. யாரோடோ சேர்ந்து நடப்பதுபோல நாலடி வைத்தது, நின்றது, அண்ணாந்து பார்த்தது, மறுபடி நடந்தது. காரின் பின்கதவருகே வந்ததும் ஒதுங்கி, சற்று நேரம் காத்திருந்தது. அதன் பிறகே தாவி ஏறியது.

“திரும்பிப் பாக்காமப் போங்க” என்றார் தங்கப்பாண்டியன்.

அவித்த முட்டையை டப்பாவில் போட்டு, இறுக மூடிப் பின் சீட்டில் வைத்துவிட்டு யுவராணி முன்னால் உட்கார்ந்தாள். தலைக்கு மேலிருந்த சிறு கண்ணாடியை இறக்கிப் பூனையைப் பார்த்தபடியே வந்தாள். லாரிகள் ஹாரன் அடித்தபோதெல்லாம் அதன் உடம்பு வெடவெடத்தது. அடுத்த நொடி கழுத்து முடி அமுங்கியது. அந்த அமுக்கம் மெல்ல நகர்ந்து வால்வரை போனது. நடுக்கம் நின்றது. மறுபடி கழுத்திலிருந்து தொடங்கியது. ஏசி போடவில்லை. ஜன்னல்களும் மூடியிருந்தன, காற்று வர வழியில்லை.

மலை இடப்பக்கமாகக் கூடவே வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரிந்ததும் அவன் காரை ஓரங்கட்டினான். பால்கோவாக் கடைகளில் வெயிலும் கூட்டமும் ஒன்றாய் நெரிந்தன.

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“என்னத்தப் பாத்த?”

“நீங்க பாத்ததத்தான்.”

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். “திருப்பிருவோம் யுவா. பன்னெண்டு கிலோமீட்டர்தான் வந்திருக்கோம். வாசல்ல நின்னு, நீங்க இங்கனயே இருங்க மச்சான்னு சொல்லிட்டு வந்துருவோம். இருந்தப்பவே அவிய நம்ம வீட்டுக்கு வந்ததில்ல.”

“நம்ம எப்பக் கூப்பிட்டோம்?”

அவர்கள் ஓசூருக்குப் போய்ப் பதினாலு வருஷம். வீடு கட்டிக் குடிபோனபோதுகூட அவள் போனில்தான் தேதியைச் சொன்னாள். நேரில் போய்த் தாம்பூலம் வைத்து அழைக்கவில்லை. முறையாகக் கூப்பிடாத வீட்டுப் படியை அண்ணன் மிதிக்க மாட்டார். அதைக் குறையாகவும் சொன்னதில்லை. “பாப்போம்மா” என்பார், அவ்வளவுதான். அவருடைய வாசலில் நின்று, முகத்துக்கு நேராக, நம் வீட்டுக்கு வா என்று அவள் கூப்பிட்டது இன்றைக்குத்தான்.

பின்னாலிருந்து டப்பா மூடி கழன்று விழும் சத்தம் கேட்டது.

கண்ணாடியில் பார்த்தாள். பூனை டப்பாவுக்குள் தலையை விடவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் வாய்க்கு நேரே, அந்தரத்தில், மஞ்சள் கருவில் ஒரு துணுக்கு நின்றது. பூனை அதைப் பதனமாகப் பல்லால் வாங்கி மென்றது. அடுத்ததற்காக அண்ணாந்தது.

முத்துராமலிங்கமும் பார்த்துவிட்டான். வண்டியைக் கிளப்பி, வந்த திசைக்கே ஒடித்துத் திருப்பினான்.

வண்டியின் முகம் ராஜபாளையம் பக்கம் திரும்பியதும் பூனை மெல்வதை நிறுத்தியது. வாயிலிருந்ததைக் கக்கியது. சுருண்டு விழுந்தது. கண்கள் மேலே செருக, ஒன்பது நாளாய் எலும்பாகிப்போன அதன் விலா தூக்கித் தூக்கிப் போட்டது.

“வேண்டாம், நிறுத்துங்க. மதுரைப் பக்கமே போங்க.”

“கூட வாரது மச்சான்தான்னு எப்படிட்டி சொல்லுத?”

“வேற யாரு கையில அது திங்கும்?” கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். “யாரா இருந்தாலும் கூப்பிட்டவ நான். ஏத்திட்டு வந்து நடுவழியில எறங்குன்னு சொல்ல எனக்கு வாய் வராது. பூனையும் போயிரும்.”

அவன் அவளையே பார்த்தான். பிறகு வண்டியை மறுபடி வடக்கே திருப்பினான்.

கிருஷ்ணன்கோவில் தாண்டியபோது டப்பா காலியாகியிருந்தது. பூனை வயிறு ஏறி இறங்கத் தூங்கியது. அவள் கண்ணாடியை மடக்கி மேலே தள்ளிவிட்டாள். இனி பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தாளோ, பார்க்கத் துணிவில்லையோ, அவளுக்கே தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் அவளுடைய சீட்டின் முதுகில் ஏதோ அழுந்தியது. மடக்கி உட்கார இடம் போதாத முழங்கால்போல, பொறுமையாக அழுந்தியது.

யுவராணி கையைக் கீழே விட்டு, கம்பியை இழுத்து, தன் சீட்டை முன்னால் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.