ஷைனி வந்து போடும் ஊசி

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜை யாரும் சட்டென்று திறந்துவிட முடியாது. கதவுச் சத்தம் கேட்டால் போதும், முன்னறையிலிருந்து என் மாமனார் இட்டியவிராவின் குரல் இருமலோடு வரும்.

"யாரது? மருந்து சூடாயிடும், மூடு!"

முட்டைத் தட்டுக்குக் கீழே ஓர் ஊசி மருந்து இருந்தது. நிமோனியா வராமல் தடுப்பதற்கு. அப்பச்சன் என்று நாங்கள் கூப்பிடும் மாமனாருக்கு வயது எழுபத்தாறு. பீடி புகைத்தே கெட்ட நெஞ்சு. "மழைக்கு முன்னாடி போட்டுக்கங்க. நிமோனியா வந்தா தாங்க மாட்டீங்க" என்று ரான்னி ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் எழுதிக் கொடுத்தார். என் கணவர் ரெஜி அன்றைக்கே வாங்கிவிட்டார். அங்கேயே போட்டிருக்கலாம். அப்பச்சன் கையைக் காட்டவில்லை.

"எம் மக அயர்லாந்துல வெள்ளைக்காரக் கிழவனுங்களுக்கெல்லாம் இதே ஊசி போடுறா. என்னை மட்டும் எவளோ குத்தணுமா? ஈஸ்டருக்கு ஷைனி வர்றா. அவ கையால போட்டுக்கறேன்."

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் வெளிநாட்டில் இருக்கிறாள். அப்படிப்பட்ட வீட்டுக்காரர் உள்ளூர் நர்ஸிடம் கையை நீட்டினால் கௌரவக் குறைச்சல்.

ஷைனியும் ஃபோனில் சிரித்தாள். "நானே வந்து போடறேன் அப்பச்சா. வலிக்கவே வலிக்காது."

ஈஸ்டருக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. ஓணத்துக்குப் பையனின் பள்ளிக்கூடம். கிறிஸ்துமஸுக்குப் புது வீடு குடிபோனார்கள். ஒன்றுகூடப் பொய்க் காரணம் இல்லை. அதனால் கோபப்படவும் வழியில்லாமல் போயிற்று.

அடுத்த மழைக்காலம் நெருங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. எதிர்வீட்டு சுலோசனாவைக் கூட்டி வந்தேன். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள்.

"ஒரு நிமிஷ வேலை அண்ணே. கையைக் காட்டுங்க."

"உம் மக எங்க இருக்கா?"

"சங்கனாச்சேரியில. ஜவுளிக்கடையில வேலை."

"அதான் உனக்குப் புரியல. போய் உன் வீட்டுக்காரனுக்குப் போடு."

நான் வைத்த டீயைத் தொடாமலே அவள் எழுந்து போனாள்.

"மழை என்ன, உங்க மகளோட லீவு பாத்துக்கிட்டா வரும்?" என்றேன்.

"நீ ஃபிரிட்ஜை மூடு."

ஜூனில் மழை பிடித்தது. காய்ச்சல் வந்தது, பிறகு மூச்சுத்திணறல். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அதே வாரத்தில் அப்பச்சன் போய்விட்டார்.

"போட்டிருந்தா பிழைச்சிருப்பார்னு சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர். "போட்டிருக்கலாம்."

ஷைனிக்கு இந்த முறை கேட்டவுடன் லீவு கிடைத்தது. வெளிநாட்டுப் பிள்ளை வந்து முகம் பார்க்காமல் எங்கள் ஊரில் அடக்கம் செய்வதில்லை. அவள் வரும்வரை அப்பச்சனும் குளிர்பெட்டியில் காத்திருந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஷைனி தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். பழக்கத்தில் நான் முன்னறைப் பக்கம் திரும்பினேன். சத்தம் ஒன்றும் வரவில்லை.

"சேச்சி... இது இன்னும் இங்கேயா இருக்கு?"

"நீ வந்துதான் போடணும்னார்."

அவள் முகம் சிவந்தது. "அவர் சொன்னா? வீட்ல இத்தனை பேர் இருக்கீங்க, ஒருத்தருக்குமா புத்தி இல்ல?"

"ஃபோன்ல உன்கிட்டதானே கேட்டேன், 'வேற யார்கிட்டயாவது போட்டுக்கச் சொல்லு, நீ சொன்னா கேப்பார்'னு. அடுத்த மாசம் வந்துடறேன், அவர் ஆசையை ஏன் கெடுக்கணும்னு சொன்னது யாரு?"

ஷைனி மருந்துப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தேதி இன்னும் முடிந்திருக்கவில்லை.

அடுப்பங்கரை ஸ்டூலில் அப்பச்சனின் அக்கா ஏலிக்குட்டி அம்மாயி உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியவர், விதவை, பிள்ளைகள் இல்லை.

"எனக்கும்தான் அந்த டாக்டர் எழுதினார். வாங்கித் தர எனக்கு யார் இருக்கா?" என்று சட்டைக் கையை மேலே சுருட்டினார். "வீணாக்காதே மோளே. எனக்குப் போடு."

ஷைனி கை கழுவி வந்தாள். பஞ்சால் துடைத்தாள், போட்டாள், எடுத்துவிட்டாள். அவ்வளவுதான்.

அம்மாயி தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா அவன் உனக்காகக் காத்துக்கிட்டு இருந்தான்?"