ஏழு மாதப் பிள்ளை

அந்த ஊரில் தங்கள் கல்யாண நாளை மறந்தவர்கள் உண்டு. அடுத்தவர் கல்யாண நாளை மறந்தவர் ஒருவரும் கிடையாது. பாஸ்டனிலிருந்து ஒரு நாள் நடை. கடலுக்கும் காட்டுக்கும் நடுவே ஒண்டிக்கொண்டிருந்த சில வீடுகள், ஒரு சபை வீடு, அவ்வளவுதான். புதுத் தம்பதிக்குப் பிள்ளை பிறந்தால் மற்ற வீட்டுப் பெண்கள் விரல் மடக்கி மாதத்தை எண்ணிவிட்டுத்தான் பார்க்கவே கிளம்புவார்கள்.

பீப்பாய் செய்கிற யாபேஸுக்கும் கேத்துராவுக்கும் ஜூனில் கல்யாணம். ஜனவரியில் அவள் கிணற்றடிப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தாள். அன்றே வலி எடுத்து, மறுநாள் விடிவதற்குள் பெண் பிள்ளை பிறந்துவிட்டது. உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு. விரல்களில் நகம்கூடச் சரியாக முளைக்கவில்லை. ஊரில் விரல்கள் மடங்கின. ஏழாவது விரலில் நின்றன.

சபையின் வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஏழு மாதத்தில் பெற்றவர்கள் ஓய்வுநாளில் சபை நடுவே நின்று, கல்யாணத்துக்கு முன்பே கூடிவிட்டோம் என்று பாவ அறிக்கை செய்யவேண்டும். செய்தால் அன்றைக்கே மன்னிப்பு, அன்றைக்கே பிள்ளைக்கு ஞானஸ்நானம். செய்யாவிட்டால் பிள்ளை சபைக்கு வெளியே. எத்தனையோ பேர் அப்படி நின்று, அழுது, மறுவாரமே தலை நிமிர்ந்து நடந்திருக்கிறார்கள். அவ்வளவு சுலபமான காரியத்துக்கு ஒருத்தி மாட்டேன் என்றால் அவளுக்கு நெஞ்சழுத்தம் என்று அர்த்தம். செய்யாத பாவத்தை அவள் எப்படிச் சொல்வாள் என்று யாரும் யோசிக்கவில்லை. மனிதர் எல்லாரும் பாவிகள் என்று நம்பி வளர்ந்தவர்கள் முன்னால் குற்றமில்லாத ஒருத்தி வந்து நின்றால் அவர்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

மருத்துவச்சி ஹல்தா போதகர் ஹார்வுட் வீட்டுக்கே போய்ச் சொல்லிப் பார்த்தாள். "நகமே வளராத பிள்ளைங்கய்யா. நிஜமாவே குறைமாசம்."

"ஏழு மாசத்துல பொறக்கற பிள்ளை எல்லாமே உங்க கண்ணுக்குக் குறைமாசம்தாம்மா. போயிட்டு வா" என்று அனுப்பிவிட்டார் போதகர்.

மூன்று வாரம் ஆகியும் குழந்தை வாய்விட்டு அழவில்லை. பூனைக்குட்டி முனகுவதுபோல ஒரு சத்தம், அதுவும் எப்போதாவது. பால் குடிப்பதும் குறைந்துகொண்டே வந்தது. சனிக்கிழமை மத்தியானம் யாபேஸ் பட்டறையிலிருந்து எழுந்து வந்து அடுப்போரம் உட்கார்ந்தான்.

"நாளைக்கு நிக்கறோம்னு போதகர்கிட்ட சொல்லிட்டேன். ஒரு வார்த்தை கேத்துரா. சொல்லிட்டு வந்துடலாம்."

"நடந்துதா?"

"எது?"

"நாளைக்கு நாம சொல்லப் போறது. நடந்துதா?"

"எங்க நடந்துது? நீதான் விரலைத் தொடக்கூட விடலையே, மகராசி."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளை பிறந்த பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். "அப்புறம் எதைப் போய்ச் சொல்றது?"

"சிரிக்காத. பிள்ளை இன்னும் எத்தனை நாளைக்கோ. ஞானஸ்நானம் இல்லாமப் போச்சுன்னா, மண்ணுல வைக்கறப்போ ஊர் பாக்கற பார்வையை என்னால தாங்க முடியாது."

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. ஞானஸ்நானத் தண்ணீர் ஆத்துமாவை இரட்சிக்காது என்று போதகர் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறார். பெற்ற வயிறு எந்தப் பிரசங்கத்தைக் கேட்டது? குழந்தை கண் மூடினால் அதை எந்தக் கையில் ஒப்படைப்பது என்று நினைத்து நினைத்து அவள் உருகிப்போயிருந்தாள். அவளுக்கு அந்தத் தண்ணீர் வேண்டும். ஆனால் பொய்யைக் கொடுத்து வாங்கிய தண்ணீர் வேண்டாம்.

"இங்க பாருங்க. நான் வரேன், உங்க பக்கத்துல நிக்கறேன். ஆனா என் வாயில பொய் வராது. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

"கூட்டத்தைப் பாத்தா தானா வந்துடும்" என்றான் யாபேஸ். பாவம், கட்டிய பெண்டாட்டியை அவனுக்கு இன்னும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை வீட்டுக்குள் மூச்சு விட்டால் புகையாக வந்தது. அங்கே அடுப்பு கிடையாது. ஒரு பக்கம் ஆண்கள், மறு பக்கம் பெண்கள், காலடியில் கங்கு போட்ட தகரப் பெட்டிகள். பிரசங்க பீடத்துக்குக் கீழே இருந்த தண்ணீர்க் கிண்ணத்தில் ஆடை கட்டியதுபோல ஐஸ் படிந்திருந்தது. நீண்ட பிரசங்கம் ஒருவழியாக முடிந்ததும் போதகர் இருவரையும் பேர் சொல்லி முன்னால் அழைத்தார். கேத்துரா குழந்தையைப் போர்வைக்குள் அணைத்தபடி வந்தாள்.

"சகோதரன் யாபேஸ், விவாகத்துக்கு முன்னாடியே பாவத்துல விழுந்தீங்களா?"

யாபேஸ் தரையைப் பார்த்தான். "விழுந்தோம் ஐயா. மன்னிக்கணும்."

"சகோதரி கேத்துரா?"

"இல்லை ஐயா."

பெண்கள் பக்கம் பெஞ்சுகள் கிறீச்சிட்டன. போதகருக்கு அடுத்தபடி சபையைக் கவனிக்கிற உதவிக்காரர் அசரியா எழுந்தே விட்டார். "ஏம்மா, இதுக்கு முன்னாடி இங்க நின்னு அழுதவங்க எல்லாம் முட்டாளுங்களா?"

"அவங்க செஞ்சாங்க, சொன்னாங்க. நான் செய்யலையே. நீங்க கூடத்தான் நின்னீங்க, உங்க மூத்தவன் பொறந்தப்போ. நான் ஏதாவது சொன்னேனா?"

பின் வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். அசரியா உட்கார்ந்துகொண்டார்.

போதகர் கெட்டவர் இல்லை. நியாயம் தன் பக்கம் இருப்பதில் அவருக்குச் சந்தேகமே வராது, அதுதான் அவரிடம் இருந்த தொந்தரவு. "உன் புருஷன் ஒத்துக்கிட்டானேம்மா" என்றார்.

"பிள்ளைக்காக ஒத்துக்கிட்டார். கர்த்தருக்கு முன்னாடி பொய் சொன்னாத்தான் தண்ணி தருவீங்கன்னா, அந்தத் தண்ணி யாருடையது ஐயா?"

அவர் முகம் இறுகியது. "யோசிச்சுப் பேசு. நீ சொல்றது நிஜம்னா அவன் தேவனுடைய வீட்டுல பொய் சொல்லியிருக்கான். அது இதைவிடப் பெரிய பாவம். திருவிருந்திலேருந்தும் சபையிலேருந்தும் அவனைத் தள்ளி வைக்கணும். அதுக்குச் சம்மதமா?"

இதை அவள் யோசித்திருக்கவில்லை. தன் பொய்யைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு அவன் நிலைமை அப்போதுதான் உறைத்தது. இப்போதும் ஒரு சின்னத் தலையசைப்பு போதும். அவன் தப்பிவிடுவான், குழந்தைக்கும் தண்ணீர் கிடைத்துவிடும். அவள் யாபேஸைப் பார்த்தாள். கண் நிறைந்தது. ஆனாலும் தலை அசையவில்லை.

யாபேஸ் கையிலிருந்த தொப்பியை ஒருமுறை உருட்டினான். பிறகு நிமிர்ந்தான்.

"அவ சொல்றதுதான் நிஜம் ஐயா. நான் சொன்னது பொய். எனக்குப் பயம்."

கல்யாணத்துக்கு முன் கூடியதாக ஒப்புக்கொண்டால் என்ன செய்வது என்று சபைக்குத் தெரியும். கூடவில்லை என்று ஒருவன் தன் தலையைக் கொடுத்தால் அதற்கு வழக்கம் ஏதுமில்லை. போதகர் கடைசியில் தெரிந்ததைச் செய்தார். யாபேஸைத் தள்ளி வைக்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். ஆண்கள் தயங்கித் தயங்கித் தூக்கினார்கள். யாபேஸும் தன் கையைத் தூக்கினான். பிறகு யாரும் சொல்லாமலே நடந்துபோய்க் கதவோரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான்.

கேத்துரா இடத்தைவிட்டு நகரவில்லை.

"என்னம்மா?"

"என் மேல குத்தம் இல்லைன்னு ஆச்சு. நான் இந்தச் சபையில சேர்ந்தவ. பெத்தவங்கள்ல ஒருத்தர் சபையில இருந்தா போதும், பிள்ளைக்கு உரிமை உண்டுன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

அவர் சொல்லிக்கொடுத்ததுதான். நேர்மையான மனிதர், அதை மறுக்கவில்லை. பீடத்திலிருந்து இறங்கி வந்து, விரல் முட்டியால் கிண்ணத்து ஐஸை உடைத்தார். "பிள்ளையைத் தகப்பன்தான் ஏந்தணும்" என்றார், பாதி தனக்குள்.

"நான் ஏந்தறேன்."

அவள் போர்வையை விலக்கிக் குழந்தையை நீட்டினாள்.

"பேர்?"

"அதை அவங்க அப்பா சொல்லட்டும் ஐயா."

தள்ளி வைக்கப்பட்டவன் சபையில் வாய் திறக்கக்கூடாது. அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அசரியா பாதி எழுந்தார். போதகர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கேத்துரா திரும்பவில்லை. எவ்வளவு நேரமானாலும் நிற்பது என்று நின்றாள்.

கதவோரத்தில் பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது.

"யெமிமா" என்றான் யாபேஸ். குரல் முன் வரிசைக்கு எட்டவில்லை. அவன் இன்னொரு முறை, சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னான். "யெமிமா!"

போதகர் தண்ணீரில் கையை நனைத்தார். ஐஸ் தண்ணீர் நெற்றியில் பட்டதும் குழந்தை பிறந்த நாளிலிருந்து அழாத அழுகையையெல்லாம் சேர்த்து வீறிட்டது. அந்தச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, போதகர் அதே பேரைச் சொன்னார்.