கை பார்க்கும் வேலை

மாங்கூழ் கம்பெனியில் ஸ்வாதிக்குக் கிடைத்த வேலை, கை பார்ப்பது. மைக்ரோபயாலஜி படித்தவளுக்கு லேபில்தான் ஆசை. சீசன் முடியட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

காலை ஏழு மணிக்கு வேன்கள் வந்து நிற்கும். மாங்காய் நறுக்கும் பெண்கள் தொப்பியும் முகமூடியும் மாட்டி, கை கழுவி, வரிசையாக அவள் மேசைக்கு வந்து இரண்டு கைகளையும் நீட்டுவார்கள். நகம், வெட்டு, புண். புண் இருந்தால் டோக்கன் எண்ணைக் குறித்துக்கொண்டு திருப்பி அனுப்ப வேண்டும். மூன்று நாளைக்கு உள்ளே விடக் கூடாது. "மூஞ்சியப் பாக்காதம்மா. பாத்தா எரக்கம் வந்துரும். கைய மட்டும் பாரு" என்று சூப்பர்வைசர் குருமூர்த்தி முதல் நாளே சொல்லியிருந்தார். அது அவளுக்கு வசதியாகவே இருந்தது. யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துப் பேசும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

அன்று ஐந்து பேரைத் திருப்பி அனுப்பினாள். அதில் நாற்பத்தாறாம் எண்ணுக்கு மாம்பால் பட்டு விரலிடுக்கெல்லாம் வெந்து, இரண்டு இடத்தில் நீர் கசிந்தது.

"இது ஆகாதுங்க. மூணு நாள் கழிச்சு வாங்க."

மற்ற நான்கு பேரும் மல்லுக்கு நின்றார்கள். நாற்பத்தாறு தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

பத்து மணிக்கு, ஆள் கூட்டி வரும் மேஸ்திரி சென்னப்பன் கொடுத்த பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு கணினியில் ஏற்ற உட்கார்ந்தாள். நாற்பத்தாறுக்கு நேரே, 'ஜெயமணி, க/பெ ரத்தினவேல், சாமல்பட்டி' என்று இருந்தது.

அவள் அம்மா பெயர், அப்பா பெயர், சொந்த ஊர். சாமல்பட்டியில் இன்னொரு ஜெயமணி இருக்கலாம். இன்னொரு ரத்தினவேலும் இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்க முடியாது.

அம்மா இதுவரை ஊர்ப்பக்கத்துக் கம்பெனிகளில்தான் மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஸ்வாதி பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து ஒரு சீசன் தவறியதில்லை. இங்கே வேலை கிடைத்தபோது ஸ்வாதி போனில் சொன்னாள்: "நீ எங்க வேணா போம்மா. எங்க கம்பெனிக்கு மட்டும் வந்துறாத. இங்க ரொம்ப ஸ்ட்ரிக்ட்டு." காரணம் அதுவல்ல. கிருஷ்ணகிரி ஹாஸ்டலில் அறைத்தோழி சுப்ரியா கேட்டபோது, அம்மா வேலைக்கெல்லாம் போவதில்லை, வீட்டில்தான் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தாள்.

முந்தைய நாட்களின் பக்கங்களைத் திருப்பினாள். திங்கள், நாற்பத்தாறு, சரி. செவ்வாய், சரி. புதன், சரி. மூன்று நாளும் அவளே போட்ட டிக்.

முகமூடியைக் கூடக் கழற்றாமல் எழுந்து வெளியே வந்தாள்.

ஐந்து மணிக்குத்தான் வேன் திரும்பும். அதுவரை திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எடைமேடை ஓரத்துப் புங்கமரத்தடியில்தான் கிடக்க வேண்டும். மாங்காய் லாரிகளைச் சுற்றிக்கொண்டு போகும்போதே நாகம்மாவின் குரல் கேட்டது. அவளையும் காலையில் ஸ்வாதிதான் நிறுத்தியிருந்தாள்.

"மாட்டுக்குப் பல்லு பாக்கற மாதிரியில்ல பாக்கறா கைய! இவ வூட்ல இவங்கம்மா என்ன, கையில்லாமயா பெத்தா?"

பெண்கள் சிரித்தார்கள்.

"அந்தப் புள்ளைய ஏன்க்கா திட்ற?" இது அம்மா. "புண்ணுக் கைய உள்ள உட்டா நாளைக்கு அதத்தான் கேப்பாங்க. அது வேலைய அது பாக்குது."

"அடேங்கப்பா, உனக்கு ஒறவா?"

"எனக்கேது ஒறவு. சும்மா சொன்னேன்."

அப்போதுதான் நாகம்மா ஸ்வாதியைக் கண்டாள். "ஐயோ, மேடமு!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அம்மாவும் எழுந்தாள். கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, ஸ்வாதியைப் பார்க்காமல் லாரிகளைப் பார்த்தாள்.

இப்படியே திரும்பிப் போய்விடலாம். அம்மா அதற்குத்தான் வழிவிட்டு நிற்கிறாள். எடைமேடையில் குருமூர்த்தி வேறு நின்றுகொண்டிருந்தார்.

முகமூடியை இறக்கினாள்.

"நாகம்மாக்கா, இவங்கதான் எங்கம்மா."

சத்தமாகச் சொல்ல நினைத்தது பாதிதான் வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அம்மா சந்தோஷப்படவில்லை. வெடுக்கென்று திரும்பி, குருமூர்த்திக்குக் கேட்டதா என்று பார்த்தாள். திருடி அகப்பட்டுக்கொண்டவள் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"எதுக்குடி இப்ப? உள்ள போ."

"கைய நீட்டறப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா உட்டிருப்ப. அதான் சொல்லல."

"மொத மூணு நாளு?"

அம்மா மண்ணைப் பார்த்தபடி சொன்னாள்: "ரெண்டு மாசமா நீ ஊருக்கு வரல. இந்த வேன்ல ஏறுனா தெனம் ஒருக்கா பாத்துக்கலாம்னுதான் வந்தேன். நீ வர வேணாம்னு சொன்ன எடம், எப்பிடி மூஞ்சியக் காட்டறது?"

நாகம்மா மற்றப் பெண்களைத் தள்ளிக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

ஸ்வாதி முந்தானையை விலக்கி அம்மாவின் கைகளை எடுத்தாள். அம்மா உதறப் பார்த்தாள், இவள் விடவில்லை. இடது கட்டைவிரலின் அடியில் ஒரு பழைய தழும்பு இருந்தது. நீளமாக, தையல் போட்ட புள்ளிகளோடு.

"இது எப்பம்மா?"

"அது... நீ பன்னெண்டாவது பரீட்ச எழுதறப்ப. நீ படிச்சிட்டிருந்த, சொல்லல."

பக்கத்தில் இன்னொரு தழும்பு, அதைவிடச் சின்னது. அதன்மேல் ஸ்வாதியின் விரல் நின்றது.

"அய்யய்யே, அந்தாளு பாக்கறாருடி" என்றாள் அம்மா.

"பாக்கட்டும்."

தலை நிமிராமலேதான் சொன்னாள்.