பத்தாயிரம் டாலர் பந்து

எமெட் லோவெல் எறியும் ஒவ்வொரு பந்துக்கும் விலை பத்தாயிரம் டாலர்.

இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவன் இடதுபக்கக் காலரியில் வந்து உட்காரும் ஒரு பிளம்பர். ஒன்பது வருஷ ஒப்பந்தம், இருபத்தெட்டுக் கோடியே எண்பது லட்சம் டாலர். வருஷத்துக்கு மூன்று கோடியே இருபது லட்சம். வருஷத்துக்குச் சுமாராக மூவாயிரத்து இருநூறு பந்து. வகுத்துப் பார்த்து ஒரு அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு வந்துவிட்டான். ஜூன் மாதத்துக்குள் லூயிவில் மைதானமே அவனோடு சேர்ந்துகொண்டது. எதிரணிக்காரன் எமெட்டின் பந்தைத் தூக்கி அடிக்கும்போதெல்லாம் முப்பதாயிரம் பேர் ஒரே குரலில் கத்துவார்கள்: "பத்தாயிரம்!"

அது ஒப்பந்தத்தின் ஐந்தாவது வருஷம். முதல் நான்கு வருஷம் இதே ஜனங்கள்தான் அவன் பெயரைக் குழந்தைகளுக்கு வைத்தார்கள். இப்போது ஒன்பது ஆட்டத்தில் ஏழு தோல்வி.

என் பெயர் வெண்டல் டாக்கெட். ஸ்டீமர்ஸ் பேஸ்பால் அணியில் எனக்கு ஒரே வேலை. மைதானச் சுவருக்குப் பின்னால் பந்து எறியும் பிட்சர்கள் ஆட்டத்துக்கு முன் கையைச் சூடேற்றிக்கொள்ளும் இடத்தில் உட்கார்ந்து, அவர்கள் எறிவதைப் பிடித்துத் திருப்பி எறிவது. பன்னிரண்டு வருஷமாக அதையே செய்கிறேன். என் பெயர் எந்த ஸ்கோர்போர்டிலும் வந்ததில்லை. முழங்கால் இரண்டும் போய்விட்டன.

அந்தச் செவ்வாய்க்கிழமை அணியின் நிர்வாகி பிரெஸ்டன் வேல், உடை மாற்றும் அறைக்கே வந்தார். கோட்டுக்குக் கீழே ஓட்டப்பந்தய ஷூ போடுகிற ஆள். நான் எழுந்தேன்.

"வெண்டல் இருக்கட்டும். எதுவானாலும் அவன் முன்னாடியே சொல்லுங்க" என்றான் எமெட்.

"சரி. எமெட், முழங்கை வலிக்குதா?"

"இல்லை."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. முப்பத்துநாலு வயசு. பதிமூணு வருஷமா எறியற கை. வலிக்காம இருந்தாத்தான் ஆச்சரியம்."

எமெட் சிரித்தான். "சட்டைக்குள்ள என்னமோ வெச்சிருக்கீங்க. வெளியே எடுங்க பிரெஸ்டன்."

ஒரு தாள்தான். அதில் எமெட் கையெழுத்துப் போட வேண்டும்: முழங்கை வலி, எறிய முடியவில்லை, மருத்துவப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இது எங்கள் விளையாட்டில் புதிதல்ல. ஒருவனை வெளியே அனுப்ப முடியாவிட்டால் அவனுக்கு ஒரு வலியைக் கண்டுபிடிப்பார்கள். ஒப்பந்தப்படி ஆடினாலும் ஆடாவிட்டாலும் எமெட்டுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும். மோசமாக எறிந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அணிக்குக் காலணா தராது. முழங்கை போய்விட்டால் முக்கால்வாசியைத் தரும்.

"உங்களுக்கு ஒரு சென்ட்கூடக் குறையாது. வீட்ல உக்காந்து மீன் பிடிங்க. இந்தக் கூச்சல் கிடையாது, அட்டை கிடையாது" என்றார் வேல்.

"எனக்கு வலிக்கலைன்னு சொல்றேன்ல?"

"அதை யாரு நிரூபிக்கப் போறாங்க?"

எமெட் தாளை மடித்து அவரிடமே நீட்டினான். "நாளன்னைக்கு, வியாழக்கிழமை மத்தியானம் என் முறை. நான் எறியறேன். ஒன்பது இன்னிங்ஸ்ல அஞ்சுகூட முடிக்க முடியலைன்னா அன்னைக்கே ரிட்டயர் ஆயிடறேன். மிச்சம் நாலு வருஷப் பணம் உங்களுக்கே. ஆனா வலிக்குதுன்னு எழுதித் தர மாட்டேன்."

வேல் அவனையே பார்த்தார். "இது உங்க ஏஜென்ட் காதுல விழுந்தா மயக்கம் போட்டு விழுவாரு."

"அதான் அவரைக் கூப்பிடலை."

இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். வேல் போனதும் நான் கதவைச் சாத்தினேன்.

"உனக்கு மூளை இருக்காய்யா? பன்னிரண்டு கோடியே எண்பது லட்சம்! எனக்கு முழங்காலுக்கு ஆபரேஷன் பண்ணவே வழியில்லை, நீ என்னடான்னா…"

"வெண்டல், அன்னைக்குக் கையெழுத்துப் போடும்போது ஒன்பது வருஷம் எறியறேன்னுதான் போட்டேன். ஒன்பது வருஷம் நொண்டியாட்டம் நடிக்கறேன்னு போடலை."

"டெல்லாகிட்ட சொல்லிட்டியா?" டெல்லா அவன் மனைவி.

"இந்த மாதிரி ஒரு பேப்பர் வரும்னு அவளுக்குப் போன வாரமே தெரியும். பொய் சொல்லிட்டு வீட்ல வந்து உக்காந்தா உன்கூட என்னால குப்பை கொட்ட முடியாதுன்னுட்டா."

"ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி" என்றேன்.

மறுநாள் காலை சுவருக்குப் பின்னால் நானும் அவனும் மட்டும். பிட்சர்கள் என்னிடம் எறிவதற்கு முன்னால் கையுறையை ஒரு ஆட்டு ஆட்டிச் சொல்வார்கள். முன்னால் ஆட்டினால் வேகப்பந்து, பின்னால் இழுத்தால் மெதுப்பந்து. பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு விரல் உடையாமல் இருக்க உலகமெங்கும் உள்ள பழக்கம் அது. எமெட்டின் சொத்தே அந்த மெதுப்பந்துதான். கை அதே வேகத்தில் வரும், பந்து மட்டும் பத்து மைல் குறைவாக வரும். பேட்டர் அவசரப்பட்டுச் சுற்றிவிட்டு முழிப்பான். நான்கு வருஷம் அப்படித்தான் முழித்தார்கள். இந்த வருஷம் ஒருவன்கூட முழிக்கவில்லை.

இருபது பந்து பிடித்தேன்.

"பந்து நல்லாத்தான்யா வருது. அதான் எனக்குப் புரியல" என்றேன்.

எமெட் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். ஓஹையோ ஆற்றுப் புழுக்கம் காலையிலேயே கழுத்தைப் பிடித்திருந்தது. "எந்திரி. பேட் எடு."

"யாரு, நானா?"

"நீதான். கையுறையை ஆட்ட மாட்டேன். என்ன வருதுன்னு சொல்ல மாட்டேன். நீ அடி."

"எமெட், ஆறு வருஷம் கீழ் லீக்ல ஆடி, அடிக்கத் தெரியாதுன்னு வீட்டுக்கு அனுப்பின ஆளு நான்."

"அதனாலதான் கேக்கறேன். உன்னால அடிக்க முடிஞ்சா என் பந்துல ஏதோ கோளாறு."

எனக்குப் பின்னால் வலையை இழுத்து நிறுத்தினான். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். முதல் பந்து வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இரண்டாவதும் அப்படியே. எமெட் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. மூன்றாவது மெதுப்பந்து. பொறுத்திருந்து அடித்தேன். தூரத்து வேலியில் மோதி விழுந்தது.

"தற்செயல்யா" என்றேன், எனக்கே வெட்கமாக இருந்தது.

மேலும் ஐந்து வேகப்பந்து. ஒன்றைக்கூடத் தொட முடியவில்லை. அடுத்த மெதுப்பந்து மறுபடி வேலிக்குப் போனது.

எமெட்டின் சிரிப்பு போய்விட்டது. "எப்படி அடிச்சே?"

"தெரியல. மெதுவா வரும்னு தோணுச்சு."

"எப்படித் தோணுச்சு?"

"தெரியலைன்னு சொல்றேன்ல. மறுபடி எறி."

இந்த முறை பந்தைப் பார்க்காமல் அவனையே பார்த்தேன். பந்தைப் பிடித்த வலது கை கையுறைக்குள் இருக்கிறது. கையுறை மார்புக்கு நேரே இருக்கிறது. எல்லாப் பிட்சர்களையும் போல இடது ஆள்காட்டி விரலை மட்டும் கையுறைக்கு வெளியே நீட்டி வைத்திருக்கிறான். வேகப்பந்துக்கு அந்த விரல் படுத்துக் கிடந்தது. மெதுப்பந்துக்காகப் பந்தை உள்ளங்கைக்குள் அழுத்தித் திணித்தானோ இல்லையோ, வகுப்பில் டீச்சரைக் கூப்பிடும் பிள்ளையைப் போல அது எழுந்து நின்றது.

பேட்டைக் கீழே போட்டேன்.

"உன் விரல்யா. மெதுவா போடறதுக்கு முன்னாடி எழுந்து நிக்குது."

பழைய கையுறையில் அந்த விரலுக்கு மேல் ஒரு தோல் மூடி இருந்தது. குளிர்காலத்தில் அது கிழிந்துபோய், பிப்ரவரியில் புதிது வந்தது. மூடி இல்லாமல் வந்தது, யாரும் கவனிக்கவில்லை. எங்கள் வீடியோ ஆட்கள் உட்கார்ந்து அலசுவதெல்லாம் அவன் முதுகுக்குப் பின்னாலிருக்கும் கேமரா எடுத்த படத்தை. விரல் தெரிவது எதிரே நிற்பவனுக்குத்தான்.

எதிரே தினமும் உட்கார்ந்திருந்தவன் நான். ஆனால் என்ன வரப்போகிறது என்று அவன்தான் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறானே! விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுகிறவன் கேள்வியைப் படிப்பானா?

"மன்னிச்சுக்கோய்யா. மூணு மாசமா என் கண்ணு முன்னாடி…" என்றேன்.

எமெட் திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து விரலை மடக்கி நீட்டிப் பார்த்தான். "லீக் முழுக்கத் தெரிஞ்சிருக்கு. எனக்கும் உனக்கும்தான் தெரியல."

"சாயங்காலத்துக்குள்ள ஒரு மூடி தைச்சு வாங்கிடறேன்."

"நாளைக்கு வேண்டாம்."

"ஏன்?"

"சான் ஆன்டோனியோக்காரங்க இந்த விரலைப் பாக்கத்தானே வர்றாங்க?" விரலை என் மூக்குக்கு நேரே நிமிர்த்தினான். "நல்லாப் பாக்கட்டும்."

வியாழக்கிழமை ஒரு மணிக்கு ஆட்டம். வேல் முதல் வரிசையில், மைதானத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். பிளம்பர் அட்டையோடு வந்திருந்தான். நான் சுவருக்குப் பின்னால், கம்பி வலை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எமெட்டின் முதுகுதான் தெரியும். விரல் என்ன செய்கிறது என்பதை பேட்டரின் உடம்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் பேட்டர் நிதானமாகக் காத்திருந்தான், மெதுப்பந்துக்குக் காத்திருப்பதைப் போல. தொண்ணூற்றிரண்டு மைல் வேகத்தில் பந்து அவன் இடுப்பைத் தாண்டியது. அவன் தலையை உதறிக்கொண்டான். திட்டம் வேலை செய்கிறது! விரலை நிமிர்த்திவிட்டு வேகமாக எறிகிறான், படுக்க வைத்துவிட்டு மெதுவாக எறிகிறான். ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்; மூன்று இன்னிங்ஸில் ஒன்பது பேர் வந்து ஒன்பது பேரும் அவுட். காலரியில் யாருக்கும் கத்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

நான்காவதில் அவர்கள் விழித்துக்கொண்டார்கள். அவுட்டான ஒருவன் பெஞ்சுக்குப் போய்க் கையை ஆட்டி ஏதோ விளக்கினான். அடுத்தவன் ஓங்கி அடித்தான். "பத்தாயிரம்!" அதற்கடுத்தவனும். "பத்தாயிரம்!" ஒரு ரன் போயிற்று. நாங்கள் இரண்டு, அவர்கள் ஒன்று.

ஐந்தாவது இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட். ஆனால் மூன்று பேஸிலும் ரன்னுக்கு ஓடக் காத்துக்கொண்டு ஆள் நிற்கிறது. வருகிறவன் டேரியல் பூன். எமெட்டின் பந்தை இந்த வருஷம் மூன்று முறை மைதானத்துக்கு வெளியே அனுப்பியவன். எங்கள் சுவர்த் தொலைபேசி அடித்தது. வேறொரு பிட்சரைத் தயார் செய்யச் சொன்னார்கள். கோச் பெஞ்சிலிருந்து இறங்கி நடக்க ஆரம்பித்தார். இன்னும் ஒரே ஒரு அவுட். அது கிடைக்காவிட்டால் நான்கு வருஷமும் போய்விடும், எமெட்டும் போய்விடுவான்.

எமெட் அவரைப் பார்த்துக் கையை நீட்டினான். வராதீங்க. கோச் மைதானக் கோட்டுக்கு வெளியிலேயே நின்றார். ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்பினார்.

பூன் பேட்டைத் தூக்கினான். எமெட் எறிந்தான். பூன் வேகப்பந்தை எதிர்பார்த்துச் சுழற்றினான். பேட் முழுச் சுற்று சுற்றி முடிந்த பிறகுதான் பந்து வந்து சேர்ந்தது. மெதுப்பந்து.

அடுத்ததும் மெதுப்பந்து. பூன் ஒரு முழங்காலில் உட்கார்ந்தே விட்டான். வெளியே வந்து எமெட்டின் கையுறையை முறைத்தான். பெஞ்சைப் பார்த்தான். பெஞ்சில் ஒருவர் தோளைக் குலுக்கினார்.

மூன்றாவது பந்துக்கு எமெட்டின் இடது முழங்கை லேசாக அசைந்தது. தோள்பட்டை இறங்கியது. கை மேலே வந்தது. அந்த வருஷத்திலேயே வேகமான பந்து. பூன் பேட்டை அசைக்கவே இல்லை. மூன்று பந்தும் தவறினால் ஆள் போச்சு; நடுவர் கையை ஓங்கினார். அவுட்!

இடதுபக்கக் காலரியில் பிளம்பர் எழுந்து, அட்டையைத் தலைக்கு மேல் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினான்: "பத்தாயிரம்!" இந்த முறை மைதானம் முழுக்கச் சிரித்தது.

எமெட் ஆறாவது இன்னிங்ஸையும் எறிந்துவிட்டுத்தான் வந்தான். இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம்.

உடை மாற்றும் அறையில் அவன் தோளில் ஐஸ் மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"பூனுக்கு என்னய்யா பண்ணினே?"

"ரெண்டு தடவை விரலைத் தூக்கிட்டு நிஜமாவே மெதுவாப் போட்டேன். நான் பொய் சொல்றேன்னு முடிவு பண்ணிட்டான்ல? உண்மையைச் சொன்னேன். மூணாவதுக்கு விரலையே உள்ளே இழுத்துக்கிட்டேன். பாவம், படிக்கறதுக்கு எதுவுமே இல்லை அவனுக்கு."

வேல் வந்தார். மடித்த தாள் இன்னும் கையில் இருந்தது.

"அஞ்சு முடிஞ்சுது" என்றார்.

"ஆறு" என்றான் எமெட்.

"ஆறு. அடுத்த செவ்வாய்க்கிழமை நீங்கதான். ஆனா ஒண்ணு, இனிமே எல்லாருமே உஷாரா இருப்பாங்க."

"இருக்கட்டும். இன்னும் நாலு வருஷம் இருக்கு, அவங்களுக்கும் எனக்கும்." எமெட் அவர் கையிலிருந்த தாளைக் காட்டினான். "அதைக் கிழிக்காதீங்க. வெண்டல் பேரை எழுதுங்க. முழங்கால். அவனுக்குத்தான் நிஜமாவே வலிக்குது."

வேல் சிரித்தாரே தவிர எழுதவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் என் முழங்கால் ஆபரேஷனுக்கு அணி பணம் கட்டியது. யார் கேட்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

வேல் சொன்ன அடுத்த செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில் எமெட் தோற்றான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏழு இன்னிங்ஸ் எறிந்துவிட்டுத் தோற்றான்.

அதற்கு முன், சனிக்கிழமை காலை சுவருக்குப் பின்னால் நான் கேட்சர் கையுறையை மாட்டப் போனேன். எமெட் தலையை ஆட்டினான். அவன் கையுறையில் புதுத் தோல் மூடி தைத்திருந்தது.

"பேட்" என்றான்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். அவன் விரலைத் தேடினேன், தோல்தான் தெரிந்தது. பந்து வந்தது. உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் சேர்த்துச் சுழற்றினேன். பேட் காற்றை வெட்டியது. நான் சுற்றிக்கொண்டு ஒரு முழங்காலில் விழுந்த பிறகு, அவசரமே இல்லாமல் வலையில் வந்து விழுந்தது பந்து.

எமெட் கூலி கேட்பவனைப் போல என்னை நோக்கிக் கையை நீட்டினான்.

"பத்தாயிரம்" என்றான்.