தம்பி தோற்பான் என்று சொன்னவள்

மலேசியாவின் ஈப்போ நகரப் பக்கம் முவாய் தாய் என்ற தாய்லாந்து உதைகுத்துச் சண்டைப் போட்டி என்றால், யார் ஜெயிப்பார்கள் என்று ஷார்மேன் சொல்வதைக் கேட்கப் பலர் காத்திருப்பார்கள். பகலில் பல் கிளினிக் கவுண்டரில் வேலை. வீட்டுக்கு வந்ததும் மோதப்போகும் இருவரின் பழைய வீடியோக்களையும் போட்டுப் பார்ப்பாள். யார் அடி வாங்கினால் பின்வாங்குகிறான், யாருக்கு எந்த ரவுண்டில் மூச்சு வாங்குகிறது, எந்த மாதிரி ஆளிடம் முன்பு தோற்றிருக்கிறான் என்று ஒப்பிட்டுத் தன் முகநூல் பக்கத்தில் பேசுவாள். பெரும்பாலும் சொன்னபடியே நடக்கும்.

அவளுடைய தம்பி கால்வினும் சண்டைக்காரன்தான். சுங்கை சிப்புட்டில், ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட்டுவிட்ட பழைய எஸ்டேட் ஓரம், மகேந்திரன் மாஸ்டரின் ஜிம்மில் பயிற்சி. அவன் சண்டையைப் பற்றி மட்டும் அவள் வாய் திறந்ததில்லை.

அந்த வருடம் தாய்லாந்திலிருந்து வரும் ஹட்யாய்க்காரன் ஒருவனோடு அவனுக்கு ஈப்போவில் போட்டி ஏற்பாடானது. தம்பி என்றதும் வாயடைத்துப்போய்விட்டதா என்று முகநூலில் கேலி செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தவள் தம்பியின் சண்டைகளை முதலிலிருந்து பார்த்தாள். ஆரம்பச் சண்டைகளில் உதை வருமுன்பே உடம்பு விலகியிருந்தது. அண்மைச் சண்டைகளில் உதை விழுந்த பிறகுதான் கை எழும்பியது. கடைசியில் ஒரு சாதாரணக் குத்துக்கே முழங்கால் மடங்கியிருந்தது. வேறு யாராவதாக இருந்தால் தோல்விதான் என்று முடிவுகட்டி அவள் இரண்டாம் முறை பார்த்திருக்கமாட்டாள். அழுகை வரும் என்று உட்கார்ந்திருந்தாள். வரவில்லை. எழுந்துபோய்த் துணி காயப்போட்டாள்.

மறுநாள் ஜிம்முக்குப் போனபோது கால்வின் கையில் சுற்றிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“ஊருக்கெல்லாம் சொல்றல்ல, எனக்கும் சொல்லுக்கா.”

“தோத்துருவ. ரெண்டாவது ரவுண்டுல தலையில வாங்குவ. இந்தச் சண்ட வேணாம்லா.”

அவனுக்குக் கோபம் வரவில்லை. அதையே முகநூலில் சொன்னால் கூட்டம் வரும் என்றான். மகேந்திரன் அவள் காட்டிய வீடியோவைப் பார்த்துவிட்டு, போட்டிக்காக எடையைக் குறைத்த அசதி, வேறொன்றுமில்லை என்றார். ஊரறியச் சொன்னாலாவது நிறுத்துவார்களோ என்ற நினைப்பில் அவள் முகநூலில் சொல்லிவிட்டாள். இப்படியும் ஓர் அக்காவா என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். போட்டி நிற்கவில்லை.

சனிக்கிழமை பிற்பகல் மண்டபம் நிறைந்துவிட்டது. அவள் சொன்ன உதை இரண்டாவது ரவுண்டில் விழுந்தது. கால்வின் தள்ளாடினான், ஆனால் விழவில்லை. மூன்றாவதில் எதிராளியை அணைத்துப் பிடித்து விலாவில் முழங்காலால் இடித்தான். ஹட்யாய்க்காரன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்; எழவில்லை. மண்டபமே எழுந்து கத்தியது. பக்கத்திலிருந்தவர்கள் ஷார்மேனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் கைகள் தட்டிக்கொண்டிருந்தன. சந்தோஷம் மட்டும் எங்கோ தள்ளி நின்றது.

அவனைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். வழியில் செம்மோர் ஊரைத் தாண்டியதும் அவன் கேட்டான்.

“அக்கா, சண்ட எத்தன மணிக்கு?”

“முடிஞ்சிருச்சுடா. நீ ஜெயிச்சுட்ட.”

“ஓ” என்று சிரித்தான். கொஞ்ச தூரம் போயிருப்பார்கள்.

“லேட்டாயிருச்சுக்கா, மாஸ்டர் தேடுவாரு. எத்தன மணிக்குச் சண்ட?”

அவள் அடுத்த திருப்பத்தில் காரைத் திருப்பி, நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டாள்.

மூளையில் சிறிய ரத்தக்கசிவு, முன்பே பட்ட அடிகளின் தடமும் தெரிகிறது, இனி மேடை ஏறவே கூடாது என்றார் டாக்டர். மகேந்திரன் வந்து சுவரோரம் நின்றார். நான் கவனித்திருக்க வேண்டும் என்றார். அவரைத் திட்டுவதற்கு ஷார்மேனுக்கு எதுவும் தோன்றவில்லை. ஏதாவது சாப்பிட்டீர்களா என்று கேட்டு, சூடாக ஒரு மைலோ வாங்கிக் கொடுத்தாள்.

கால்வின் தேறி வந்தான். முன்பு பார்த்துவந்த லாரிப் பட்டறை வேலைக்கும் திரும்பினான். அந்தச் சண்டை மட்டும் அவனுக்கு நினைவுக்கு வரவேயில்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்தவன் அவளுடைய போனை வாங்கி அந்தச் சண்டையின் வீடியோவைப் போட்டான்.

“முடிவச் சொல்லிராதக்கா” என்றான்.

அவள் சொல்லவில்லை. அவன் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் பார்த்து முடித்தான்.

“நல்லா அடிக்கிறான்லா” என்றான், திரையிலிருந்த தன்னையே யாரோ போலக் காட்டி.

“ஆமா” என்றாள். சோறு போடவா என்று கேட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.