கரண்ட் படாத ட்ரான்ஸ்போமர்

அன்ரனிட்டாவுக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பொலித்தீனைப் பல்லாலேயே கிழித்திருப்பாள். ஊர்காவற்றுறைக் கடற்றொழிலாளர் சங்கத்தின் ஐஸ் ஆலையில் மின்சாரத்துக்குப் பொறுப்பு அவள்தான். காலை எட்டு மணிக்கு ஆலையின் ட்ரான்ஸ்போமர் கருகிப்போனது. குளிரறைக்குள் முப்பது வள்ளங்களின் மீன் கிடந்தது. அதில் அவளுடைய புருசன் றொபேட்டின் மீனும் இருந்தது. சங்கத்தின் ஜெனரேற்றர் லைற்றுக்கும் தண்ணிப் பம்புக்கும் மட்டுந்தான் காணும்.

பக்கத்து மேடையில் இரண்டாவது ட்ரான்ஸ்போமர் நின்றது. கனடாவில் இருக்கும் சூசைப்பிள்ளை வாங்கி அனுப்பியது. புத்தம் புதுசு. சுற்றிவரப் பொலித்தீன், அதற்கு மேலே சிவப்பு றிபன், முன்னால் அவருடைய பேர் பொறித்த கருங்கல்.

தை மாதக் கூட்டத்தில் அவள் தலைப்பாடாய் அடித்துச் சொன்னாள். இரண்டையும் லைனில் சேர்த்துப் பூட்டுவம், பாதிப்பாதிச் சுமையை இழுக்கட்டும், ஒன்று விழுந்தால் மற்றது முழுதையும் தாங்கும் என்றாள். சங்கத் தலைவர் இராயப்பு கேட்டால்தானே. காசு போட்ட மனுசன் பெருநாளுக்கு வந்து றிபன் வெட்டமுன்னம் எப்படித் தொடுவது என்றார். வெளிநாட்டுச் சாமானைப் பொலித்தீன் கழற்றாமல் அலுமாரிக்கு மேலே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் அல்லவா, கூட்டம் முழுக்கத் தலையாட்டியது. அவள் இறங்கி வந்தாள். சரி, சுமை வேண்டாம், கரண்டையாவது கொடுத்து வைப்பம், சூடாக இருந்தால்தான் உப்புக்காற்றின் ஈரம் உள்ளே இறங்காது என்றாள். வேலை செய்யாததுக்கு என்னத்துக்குக் கரண்ட் என்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் காதுக்குள் நிற்கிறது.

இப்போது பொலித்தீனைக் கிழித்தால் உள்ளே வேர்த்து ஒழுகுகிறது. ட்ரான்ஸ்போமர் காற்று இழுக்கும் மூச்சுக்குழாயில் ஈரம் உறிஞ்சும் குப்பியைப் பூட்டாமல் எந்த அறிவாளியோ சாக்குத்துண்டை அடைத்திருந்தான். ஈரத்தால் உள்ளே கரண்ட் கசியுமோ என்று அவள் மீற்றரை வைத்துப் பார்த்தாள். நூற்றுக்கணக்கில் காட்டவேண்டியது இரண்டில் நின்றது. காயவைத்து எடுக்க மூன்று நாள் வேண்டும். மீன் அதுவரை தாங்காது. ஐஸ் எடுக்க யாழ்ப்பாணம் போன லொறிக்குக் கால்வாசியும் கிடைக்கவில்லை.

வயரை இதுக்கு மாற்றிச் சுவிச்சைப் போடு என்றார் இராயப்பு. போட்டால் வெடிக்கும், பக்கத்தில் நிற்கிறவன் சாவான் என்று அவள் சுவிச்சுப் பெட்டியின் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வள்ளக்காரர் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். கடைசியில் றொபேட்டே வந்து கை நீட்டினான்.

"சாவியைத் தாரும்."

"தரமாட்டன். எங்கடை மீன் போனால் போகட்டும். எனக்கு நீங்கள் உயிரோடை வேணும்."

அவன் கையை இறக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றான்.

மறுநாள் மத்தியானம் நாற்றம் றோட்டுக்கு வந்தது. அந்த நேரம் பார்த்துச் சூசைப்பிள்ளை போனில் வந்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று இராயப்பு சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, ஐயாவின் ட்ரான்ஸ்போமரில் ஒருத்தரும் கை வைக்கவில்லை, அவர் வந்துதான் திறப்புவிழா என்று குழைந்தார். அன்ரனிட்டா எட்டிப் போனைப் பறித்தாள்.

"ஐயா, உங்கடை றிபனுக்காக முப்பது வள்ளத்தின்ரை மீன் நாறிப்போய்க் கிடக்குது. இப்ப சந்தோசமோ?"

"என்ன றிபன், பிள்ளை? வந்த அண்டைக்கே பூட்டி ஓடவிடச் சொல்லித்தானே அனுப்பினனான். கல்லும் வேண்டாம், விழாவும் வேண்டாம் எண்டு இராயப்புவுக்கு ரெண்டு தரம் சொன்னனான்."

முற்றத்தில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. இராயப்பு போனுக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

றொபேட் குளிரறைக் கதவைத் திறந்து உள்ளே போனான். தன்னுடைய மீன்பெட்டியைத் தூக்கிவந்து இராயப்புவின் காலடியில் கவிழ்த்தான். அவனுக்குப் பின்னால் மற்றவர்கள் தங்கள் பெட்டிகளோடு வந்துகொண்டிருந்தார்கள்.